24 எச்பி குட்டி டிராக்டருக்கு முன்பக்க பக்கெட் லோடர் நாமளே செஞ்சா நிக்குமா?

விளைக்காரன்_கருங்கல்:

எல்லாருக்கும் வணக்கம். கருங்கல் பக்கத்துல நமக்கு 180 சென்ட் விளை இருக்கு, தெங்கு, இடையில நேந்திரன், மட்டி வாழையும், வீட்டோட சேந்த தொழுத்துல எட்டு மாடு. ஒன்றரை வருசம் முன்ன 24 எச்பி குட்டி டிராக்டர் ஒண்ணு எடுத்தேன், போர் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்கும்), பவர் ஸ்டியரிங் உண்டு. ரொட்டாவேட்டர் அடிக்க, டிரெய்லர் இழுக்க எல்லாம் கொள்ளாம்.

எனக்க பிரச்சினை அள்ளுறதுதான். சாணிக் குழியிலேர்ந்து உரத்தை டிரெய்லர்ல ஏத்தணும், கதம்பைக் குமியை (தேங்காய் மட்டை) ஒதுக்கணும், குலை வெட்டின பொறவு வாழைத்தடைய இழுத்து ஒரு மூலையில போடணும், மழை வந்தா கையாலை (விளையைச் சுத்தின மண் சுவர்) இடிஞ்சு விழுந்த மண்ணை எடுக்கணும், இதுக்கெல்லாம் ஆள் தேடித் தேடி எனக்கு போன் சார்ஜ் தீந்ததுதான் மிச்சம். வாறவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, சாணி அள்ளுறது இடுப்பை ஒடிக்கிற வேலை. ஜேசிபி கூப்பிடலாம்லான்னு கேப்பீங்க. எங்க விளைக்கு வாற வழி ரெண்டு பக்கமும் கையாலை, டெம்போ வந்தாலே கண்ணாடியை மடக்கித்தான் உள்ள வரணும், ஜேசிபி அந்த முக்கு திரும்பவே திரும்பாது.

கம்பெனி லோடர் விலை கேட்டேன், கேட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்துட்டேன். அதான் நாமளே ஒண்ணு அடிச்சா என்னன்னு யோசனை. எனக்கு வெல்டிங் கொஞ்சம் வரும், இரும்பு கேட், மாட்டுக்கொட்டகை கூரை எல்லாம் நானே அடிச்சது. பிளான் இதுதான்:

பக்கெட்டைத் தாங்குற கைக்கு 100க்கு 50 ரெக்டாங்குலர் பைப், 4 எம்எம் கனம். பழைய இரும்புக் கடையில உள் விட்டம் 63 எம்எம் உள்ள ஹைட்ராலிக் ஜாக்கி ரெண்டு கிடந்துச்சு, டபுள் ஆக்டிங் (ரெண்டு பக்கமும் ஆயில் தள்ளும்), ஸ்ட்ரோக், அதான் ராடு நீளுற தூரம், 450 எம்எம், அதை கையைத் தூக்குறதுக்கு போடலாம்னு அட்வான்ஸ் குடுத்து வச்சிருக்கேன். பக்கெட் கவுக்க சின்னதா ரெண்டு வாங்கணும். பக்கெட் அகலம் 4 அடி, 5 எம்எம் தகடு. ஆயிலுக்கு, டிரெய்லர் தூக்குறதுக்கு டிராக்டர் பின்னாடி ஒரு பைப் அவுட்லெட் இருக்குல்லா அதிலேர்ந்து எடுத்துக்கலாம். மொத்தத்தையும் முன் பம்பர் பிராக்கெட்லயும், கிளட்ச் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கிற கூடு) சைடுல இருக்கிற போல்ட் ஓட்டையிலயும் மாட்டலாம்னு நினைக்கேன்.

கேள்வி ரெண்டு. 63 எம்எம் போதுமா, இல்ல 80க்கு போகணுமா? 4 எம்எம் பைப் தாங்குமா? செஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பட்டறை_மார்த்தாண்டம்:

தம்பி, ஜாக்கி சைஸையும் பைப் கனத்தையும் கேட்டிருக்க. லோடர் செய்யணும்னு பட்டறைக்கு வாற எல்லாரும் மொதல்ல கேக்கிறது இது ரெண்டும்தான், நான் பாத்தவரைக்கும் எவனுக்கும் பைப் வளைஞ்சு லோடர் போகல. போறது வண்டி.

கணக்கா சொல்றேன் பொறுமையா படி. பக்கெட்ல 250 கிலோ ஏத்துறேன்னு வை. அந்த பக்கெட் உனக்க முன் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் முன்ன நிக்குதுன்னு வை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 1.5 மீட்டர்னு வச்சுக்குவோம். அப்ப முன் ஆக்சில்ல கூடுறது 250 கிலோன்னு நினைக்காத, 450 கிலோ. மிச்ச 200 எங்கேர்ந்து வருதுன்னா பின் சக்கரத்துலேர்ந்து வருது, பின் சக்கரம் 200 கிலோ லேசாயிடும். சின்ன வயசுல ஏத்தம் பாத்திருப்பல்லா, இல்லாட்டி பிள்ளைங்க விளையாடுற சீசா பலகை, அதே சங்கதிதான், முன் ஆக்சில் நடுக்கட்டை. இதுல லோடரோட சொந்த எடையை நான் இன்னும் சேக்கவே இல்ல, கை, பக்கெட், ஜாக்கி எல்லாம் சேந்து 200 கிலோவுக்கு குறையாது.

அதனால நீ முதல்ல செய்ய வேண்டியது பின்னாடி எடை. டிரம் ஒண்ணை பாதியா வெட்டி கான்கிரீட் வார்த்து, பின்னாடி கருவி மாட்டுற த்ரீ பாயிண்ட் லிங்க்ல மாட்டு. 200 லிட்டர் டிரம் முழுசா வார்த்தா 480 கிலோ வரும், அது உனக்க வண்டிக்கு கூடுதல், பாதி போதும், 240 கிலோ. அது பின் ஆக்சிலுக்கு 90 சென்டிமீட்டர் பின்ன தொங்கிச்சுன்னா முன் ஆக்சில்லேர்ந்து கிட்டத்தட்ட 150 கிலோவை எடுத்துடும், பின் சக்கரத்துல 400 கிலோ பக்கத்துல கூட்டும். ரொட்டாவேட்டரை மாட்டிக்கிட்டு ஓட்டலாமேன்னு கேப்ப, ஓட்டலாம், ஆனா எட்டு மாட்டு தொழுத்துக்குள்ள பின்னாடி கத்தியைத் தொங்க விட்டுட்டு திரும்புறதுக்கு உனக்கு மனசு வருமா.

அடுத்தது மாட்டுற இடம். பம்பர் பிராக்கெட்லயும் கிளட்ச் ஹவுசிங்லயும் மட்டும் மாட்டுறது வேண்டவே வேண்டாம். குட்டி டிராக்டருக்கு லாரி மாதிரி சேசிஸ் கிடையாது, இஞ்சினும் கிளட்ச் ஹவுசிங்கும் கியர்பாக்ஸும்தான் சேந்து முதுகெலும்பு, எல்லாம் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்புக்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். நீ முன்னாடி ஏத்துற எடை முழுசும் அந்த கிளட்ச் ஹவுசிங்கை நடுவுல ஒடிக்கப் பாக்கும். அதனால ரெண்டு பக்கமும் நீளமா ஒரு சப் பிரேம் (துணைச் சட்டம்), 75க்கு 75 ஆங்கிளோ பைப்போ, முன் ஆக்சிலைத் தாங்குற போல்ஸ்டர்லேர்ந்து தொடங்கி பின் ஆக்சிலை மூடின ட்ரம்பெட் குழாய் வரைக்கும் போகணும், லோடர் கையைத் தாங்குற தூண் அதுல நிக்கணும். பின் ஆக்சில்ல யூ போல்ட் போட்டு கட்டு, ஹவுசிங்ல வெல்டு வைக்காத, யாராவது வைக்கிறேன்னு சொன்னா வெல்டிங் ராடை புடுங்கிப் போடு.

வெல்டிங்குக்கு வருவோம். 4 எம்எம் பைப் கைக்கு போதும், மீட்டருக்கு எட்டரை கிலோ சொச்சம் வரும், அதுக்கு மேல கனம் போட்டா கையோட எடையைத் தூக்கவே பாதி சக்தி போயிடும். ஆனா மூட்டுல சொருகுற இரும்பு முளை, அதான் பின், உக்காருற இடத்துல வெறும் 4 எம்எம்ல ஓட்டை போட்டு சொருகாத, 10 எம்எம் தகட்டை இரு பக்கமும் வச்சு புஷ் (உள்குழாய்) அடிச்சு, கிரீஸ் நிப்பிள் வச்சு, பின்னுக்கு இஎன்8 ரக இரும்பு ஷாஃப்ட் 30 எம்எம் போடு. முழங்கை மாதிரி வளைஞ்சு வாற இடம்தான் கையில மெலிஞ்ச இடம், அங்க கஸட் தகடு (பலம் கூட்டுற ஒட்டுத் தகடு) வை, தகட்டு முனையை சதுரமா வெட்டாம மீன் வால் மாதிரி கூர்மையா இறக்கு, சதுரமா விட்டா அந்த வெல்டு முடியுற கோட்டுலயே விரிசல் விழும். கையோட மேல்பக்கம் குறுக்கே வெல்டு ஓட்டாத, இழுவை வாற பக்கம் அது.

ரெண்டு கைக்கும் நடுவுல குறுக்க ஒரு உருண்டை பைப் கட்டாயம். பக்கெட்டோட ஒரு மூலை தெங்கு மூட்டுல (மரத்தோட அடியில) இடிச்சா ஒரு கை மட்டும் முறுக்கும், அப்ப இந்த குறுக்கு பைப்தான் காப்பாத்தும். டேக் (முதல்ல வைக்கிற புள்ளி வெல்டு) அடிக்கும்போது ரெண்டு பக்க புஷ்லயும் ஒரே நீள ஷாஃப்ட்டைக் கோத்து வச்சு அடி, தனித்தனியா அடிச்சா ரெண்டு எம்எம் விலகும், பொறவு பின் உள்ள போகாது, நீயும் சுத்தியலும்தான் மிச்சம்.

வெல்டிங் ராடு: பின் உக்காருற தகட்டுக்கும் கஸட்டுக்கும் 7018 நம்பர். நம்ம ஊருல ரெண்டு பருவ மழையும் உண்டு, பாக்கெட் பிரிச்சு மேசை மேல போட்ட 7018 ரெண்டே நாள்ல ஈரம் இழுத்துடும், அதை அப்படியே அடிச்சா சாதாரண 6013 ராடு அடிச்சதை விட மோசம். சூட்டு அடுப்பு உள்ள பட்டறையில காய வச்சு வாங்கிட்டு வந்து அன்னிக்கே அடி.

கோட்டாறு_பஜார்:

180 சென்டுக்கும் எட்டு மாட்டுக்கும் லோடரா மக்கா. எங்க அப்பா ரெண்டு கடவமும் ஒரு மம்பட்டியும் வச்சு இருபது மாட்டை பாத்தாரு.

விளைக்காரன்_கருங்கல்:

@கோட்டாறு_பஜார், உங்க அப்பா நம்பர் குடுங்க, நாளைக்கே வரச் சொல்றேன், சாப்பாடும் போட்டு கூலியும் தாறேன்.

பட்டறை அண்ணே, ரெண்டு தடவை படிச்சேன். ஹவுசிங் விஷயம் எனக்கு தோணவே இல்ல, ஓட்டை இருக்கே அதுல மாட்டினா போச்சுன்னுதான் நினைச்சேன். சப் பிரேம் செய்யுறேன். ஆனா அந்த 63 ஜாக்கிக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?

குளச்சல்_வின்ச்:

ஜாக்கி பத்தி நான் சொல்றேன், நான் படகுல இருக்கிற வின்ச்சுக்கு (கயிறு சுத்தி இழுக்கிற மெஷின்) ஹைட்ராலிக் வேலை பாக்கேன், டிராக்டர் நமக்கு அவ்வளவு பழக்கமில்ல ஆனா ஆயில் எங்க போனாலும் ஆயில்தான்.

63 எம்எம் ஜாக்கியோட பரப்பு 31 சதுர சென்டிமீட்டர். 150 பார் பிரஷர் குடுத்தா ஒரு ஜாக்கி நாலே முக்கால் டன் தள்ளும், ரெண்டும் சேந்து ஒன்பதரை டன். லோடர் கையில ஜாக்கி மாட்டுற இடம் தூணுக்கு கிட்ட இருக்கும், பக்கெட் தூரத்துல இருக்கும், அதனால ஆறுல ஒரு பங்குதான் பக்கெட் பக்கம் வந்து சேரும்னு வச்சாலும் ஒன்றரை டன். உங்க வண்டியே ஒரு டன் வருமா? பக்கெட் மண்ணுல இருக்கும், வண்டியோட பின்பக்கம் வானத்துல இருக்கும்.

இதுல இன்னொரு கஷ்டம், பெரிய ஜாக்கிக்கு ஆயிலும் நிறைய வேணும். 450 ஸ்ட்ரோக்ல ரெண்டு 63க்கும் சேத்து 2.8 லிட்டர். உங்க பம்பு நிமிசத்துக்கு 16 லிட்டர் குடுத்தா ஒரு தடவை தூக்க பத்து செகண்டுக்கு மேல ஆகும், பத்து செகண்டுன்னா கம்மியா தெரியும், சாணிக் குழிக்கும் டிரெய்லருக்கும் அம்பது நடை நடக்கும்போது பாருங்க, கடுப்பாகி ஆக்சிலேட்டரை மிதிப்பீங்க, அங்கதான் வம்பு. அதே ஸ்ட்ரோக்ல 40 எம்எம் போட்டா ரெண்டுக்கும் 1.1 லிட்டர் சொச்சம்தான், நாலு செகண்டுல தூக்கிடும். சக்தி? ஒண்ணு 1.9 டன், ரெண்டும் 3.8, ஆறுல ஒண்ணுன்னா 600 கிலோ சொச்சம், அதுல கையோட எடை போக உங்களுக்கு தாராளம். 80 எம்எம் கேட்டீங்கல்லா, வேண்டாம், அதை கேட்டதா நான் மறந்துடறேன். அட்வான்ஸ் திருப்பித் தராட்டி வேற சாமானா எடுத்துக்கோங்க.

டிரெய்லர் அவுட்லெட் சரிப்படாது. அது ஒரே பைப், தூக்க மட்டும் தள்ளும், இறங்குறது தன் எடையில இறங்கும். கையைத் தூக்குறதுக்கு அது ஒப்பேறும்னு சிலர் சொல்லுவாங்க, ஆனா பக்கெட்டை கவுக்கவும் திருப்பி மடக்கவும் ரெண்டு பக்கமும் ஆயில் வேணும். அதனால ஆயிலை எந்தப் பக்கம் விடணும்னு திருப்புற, ரெண்டு லீவர் உள்ள ஸ்பூல் வால்வு வேணும், பிரஷர் கூடினா திறந்து விடுற ரிலீஃப் வால்வு அதுலயே சேந்ததா பாத்து வாங்குங்க. ரிலீஃப் இல்லாத வால்வை சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க, பக்கெட் ஒரு பாறைக்கு அடியில மாட்டும்போது பிரஷர் போக இடமில்லன்னா ஹோஸோ பம்போ வெடிக்கும்.

வண்டியோட சொந்த ஹைட்ராலிக்லேர்ந்து எடுக்கணும்னா வால்வுல பவர் பியாண்ட் போர்ட் (பிரஷரோட ஆயிலை அடுத்த கருவிக்கு அனுப்புற தனி வாய்) இருக்கணும். இல்லாம நடுவுல வால்வை சொருகி, டேங்க் லைன் வழியா த்ரீ பாயிண்டுக்கு ஆயில் அனுப்பினா, பின்னாடி லிப்ட் பிரஷர் ஏறும்போது அதே பிரஷர் இந்த வால்வோட டேங்க் பக்கமும் வரும், அந்தப் பக்கம் அதைத் தாங்குறதுக்கு செஞ்சதில்ல, வால்வு பாடி வெடிச்சு ஆயில் பீச்சும்.

என்னைக் கேட்டா பிடிஓவுல (டிராக்டர் பின்னாடி சுத்துற தண்டு) தனி கியர் பம்பு. அதோட நிமிசத்துக்கு 540 சுத்தை நேரா குடுத்தா பம்புக்கு பத்தாது, மூணு மடங்கு கூட்டுற கியர்பாக்ஸோட போடுங்க, 1620 சுத்து வரும், சுத்துக்கு 10 சிசி பம்புன்னா நிமிசத்துக்கு 16 லிட்டர். 150 பார்ல அதுக்கு வேண்டியது அஞ்சரை எச்பி, நட்டம் சேத்து ஏழுன்னு வைங்க, 24 எச்பிக்கு அது ஒரு பொருட்டில்ல. தனி டேங்க் 25 லிட்டர் பின்னாடி வச்சா அதுவும் கொஞ்சம் எடை. முக்கியமா உங்க வெல்டிங் பொடியும் துருவும் கியர்பாக்ஸ் ஆயில்ல போய் கலக்காது. புதுசா அடிச்ச லைன்ல எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் பொடி இருக்கத்தான் செய்யும், அது கியர்பாக்ஸுக்குள்ள போச்சுன்னா செலவு லோடரை விட பெருசு. ரிட்டர்ன் லைன்ல பில்டர் போடுங்க.

ஹோஸ் 3/8 இஞ்சு, ஆர்2ன்னு கேட்டு வாங்குங்க, உள்ள ரெண்டு கம்பி வலை இருக்கும், 330 பார் தாங்கும். ஒரு வலை உள்ள ஆர்1 180 பார்தான், விலை கம்மின்னு அதை எடுத்தா 150க்கும் 180க்கும் நடுவுல ரொம்ப இடமில்ல.

இன்னொண்ணு, இது விளையாட்டில்ல. லைன்ல ஊசி முனை ஓட்டை விழுந்தா ஆயில் கண்ணுக்கு தெரியாம பீச்சும். எங்க லீக்குன்னு கையை வச்சு தடவிப் பாக்கவே கூடாது, அந்த பிரஷர்ல தோலைக் கிழிச்சு உள்ள போயிடும், அப்ப வலிக்காது, சாயங்காலம் கை வீங்கும்போது சதை உள்ள செத்துப் போயிருக்கும். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்க. அப்படி ஏதாவது பட்டுட்டா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயி ஹைட்ராலிக் ஆயில் உள்ள போயிருக்குன்னு சொல்லணும், சும்மா கீறல்னு பிளாஸ்திரி ஒட்டிட்டு இருக்கக்கூடாது.

கடைசியா, நீங்க கடற்கரையிலேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கீங்க, ஆனாலும் காத்துல உப்பு வரும். ஜாக்கி ராடு வெளிய நீட்டிக்கிட்டு வண்டியை நிறுத்தாதீங்க, குரோம் மேல புள்ளி புள்ளியா துரு விழுந்து, அந்த புள்ளி சீலை அறுத்துடும். பக்கெட்டை தரையில இறக்கி, மடக்கி வச்சு நிறுத்துங்க, ராடு உள்ள இருக்கும்.

ஆர்சி_புக்:

ஒரு விஷயம் யாரும் சொல்லல. 1988 மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுப்படி பதிவு செஞ்ச வண்டியில கம்பெனி குடுத்த அமைப்பை மாத்துறது குத்தம். விளைக்குள்ள என்ன வேணா செய்யுங்க, ரோட்டுல லோடரோட போயி எங்கயாவது தட்டிச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல பாக்கிறது அதைத்தான். அதனால சப் பிரேம் மட்டும் வண்டியில இருக்கட்டும், லோடர் நாலு பின்ல கழட்டி மாட்டுற மாதிரி செய்யுங்க. ஸ்டாண்ட் வச்சு கழட்டினா அரை மணி நேர வேலை. கையாலை மண்ணை விளைக்குள்ளயே போட்டா பிரச்சினை இல்ல, வெளிய ஏத்தி விட்டா பர்மிட் கேப்பாங்க, அது வேற வழக்கு.

குலசேகரம்_ரப்பர்:

நான் இத செஞ்சவன். செஞ்சு கெடுத்தவன்னு சொல்லலாம்.

மூணு வருசம் முன்ன, ரப்பர் மரம் வெட்டி மாத்து கன்னு வைக்கிற நேரம், மூடு (வெட்டின மரத்தோட அடிக்கட்டை) எல்லாம் ஒதுக்கணும்னு ஒரு பட்டறையில குடுத்து லோடர் செஞ்சேன். அவரு செஞ்சது நீங்க மொதல்ல எழுதினீங்களே அதே டிசைன், பம்பர் பிராக்கெட், கிளட்ச் ஹவுசிங் போல்ட். பின்னாடி எடை கிடையாது. சம தரையில மூணு வாரம் அருமையா ஓடுச்சு, பாக்க வந்தவன் எல்லாம் போட்டோ எடுத்துட்டு போனான், நானும் மீசையை முறுக்கிட்டு நின்னேன்.

எங்க தோட்டம் உங்களுக்கு தெரியும்லா, தட்டு தட்டா சரிவு. அன்னிக்கு லேசா மழை பெஞ்சு செம்மண் வழுக்குது. மர மூடு ஒண்ணை பக்கெட்ல ஏத்தி, தரையில இழுபடக்கூடாதுன்னு பக்கெட்டை மார்பு உயரத்துக்கு தூக்கிட்டு சரிவுல கீழ இறங்கினேன். பாதியில பின் சக்கரம் லேசாச்சு. பிரேக்கை மிதிச்சேன், ஒண்ணும் நடக்கல. மறுபடி மிதிச்சேன். பொறவுதான் மூளைக்கு எட்டுது, நம்ம குட்டி டிராக்டருக்கு பிரேக் பின் சக்கரத்துலதான் இருக்கு, பின் சக்கரம் தரையில இல்லன்னா பிரேக்கே இல்ல. அன்னிக்கு நான் டீசல் மிச்சம்னு டூ வீல்ல ஓட்டிட்டு இருந்தேன், போர் வீல்ல போட்டிருந்தா முன் சக்கரமும் கியரோட பிடிச்சிருக்கும், கொஞ்சமாவது நின்னிருக்கும்.

பைய நகந்த மாதிரிதான் இருந்துச்சு, ஆனா கையாலையில போயி இடிச்சப்ப பக்கெட்ல இருந்த மூடு உருண்டு பானெட் மேல வந்து விழுந்துச்சு. இன்னும் ஒரு அடி பின்ன உருண்டிருந்தா எனக்க நெஞ்சுல. எனக்கு இடது கால் பாதத்துல எலும்பு முறிவு, ரெண்டு மாசம் கட்டு. வண்டிக்கு முன் ஆக்சிலோட நடு முளை வளைஞ்சு போச்சு, அது போகட்டும், கழுவி பாத்தா கிளட்ச் ஹவுசிங்ல தலைமுடி மாதிரி ஒரு விரிசல், போல்ட் ஓட்டையிலேர்ந்து கீழ வரைக்கும். அது அன்னிக்கு இடிச்சதுல வந்ததா, இல்ல மூணு வாரமா பைய பைய வந்துட்டு இருந்ததா இன்னிவரைக்கும் எனக்கு தெரியாது, விரிசலுக்குள்ள பழைய அழுக்கு இருந்துச்சுன்னு மெக்கானிக் சொன்னாரு.

அதனால பட்டறைக்காரர் எழுதினதை நான் ஒண்ணும் திருத்த மாட்டேன், கூட நாலு சொல்றேன். பக்கெட் தரையிலேர்ந்து கால் முட்டுக்கு கீழதான் இருக்கணும் வண்டி நகரும்போது, தூக்குறது டிரெய்லர் பக்கத்துல நின்ன பொறவு. சரிவுல லோடோட இறங்கும்போது ரிவர்ஸ்ல இறங்கு, பக்கெட் மேட்டுப் பக்கம் இருக்கும், எடை பின் சக்கரத்துக்கு வரும். உருண்டை சாமானை, மரமோ மூடோ, பக்கெட்ல தூக்கவே வேண்டாம், சங்கிலி போட்டு இழு. எப்பவும் போர் வீல். சீட்டுக்கு பின்னாடி ரோல் பார் (வண்டி கவுந்தா ஆளைக் காப்பாத்துற கம்பி வளைவு) இருந்தா கழட்டாத, தெங்கு ஓலை இடிக்குதுன்னு கழட்டுறவங்க நிறைய பேர் உண்டு.

பக்கெட் சைஸும் பாத்துக்கோங்க. உங்க 4 அடி பக்கெட் 150 லிட்டர் பிடிச்சா மக்கின சாணி 100 கிலோ சொச்சம் வரும், அதே பக்கெட்ல ஈர செம்மண் 250 தாண்டும், ஈர மணல்னா 300. சாணிக்கு கணக்கு போட்டு செஞ்சிட்டு கையாலை மண்ணுக்கு குமிச்சு அள்ளினா அங்கதான் முடியும்.

கோட்டாறு_பஜார்:

அண்ணே கால் இப்ப பரவாயில்லையா? நான் மேல சொன்னது தமாசுக்கு.

குலசேகரம்_ரப்பர்:

நடக்கேன் மக்கா. மழை வந்தா மட்டும் சொல்லும், வானிலை அறிக்கைக்கு முன்னாடியே.

தோவாளை_மண்:

குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும். பூந்தோட்டத்துல நான் என்ன செய்யேன்னா லோடரே செய்யல, த்ரீ பாயிண்ட் லிங்க்ல பின்னாடி ஒரு பெட்டி. மூணு பக்கம் தகடு, ஒரு பக்கம் திறப்பு, அடியில கூர் பட்டை. ரிவர்ஸ்ல போயி குமியில சொருகி, லிப்ட் தூக்கி, கொண்டு போயி கயிறை இழுத்தா கொட்டும். நாலே நாள்ல செஞ்சேன், ஹைட்ராலிக் ஒண்ணும் தனியா இல்ல. பின்னாடி லிப்டுக்கு எடை தூக்கத்தான் கம்பெனிக்காரன் செஞ்சிருக்கான், முன்னாடி அப்படி இல்ல. குறை என்னன்னா டிரெய்லர் உயரத்துக்கு தூக்காது, கழுத்தும் திரும்பித் திரும்பி பாத்து வலிக்கும். டிரெய்லரை பள்ளத்துல நிறுத்தி மேட்டுலேர்ந்து கொட்டுறேன்.

பட்டறை_மார்த்தாண்டம்:

தோவாளைக்காரர் சொன்னது நல்ல யோசனை, நானும் சொல்லியிருக்கணும், லோடர்னு கேட்டதும் கை அரிச்சுடுச்சு. கூர் பட்டைக்கு லாரி ஸ்பிரிங் பட்டையை எடுத்து வெல்டு அடிக்காதீங்க, அது கார்பன் கூடின இரும்பு, சூடு பண்ணாம அடிச்சா வெல்டு ஓரத்துலயே டக்குனு விடும். ஓட்டை போட்டு போல்ட்ல மாட்டுங்க, தேஞ்சா மாத்தவும் லேசு.

விளைக்காரன்_கருங்கல்:

நேத்து ராத்திரி எல்லாத்தையும் வீட்டுல சத்தமா படிச்சேன், குலசேகரம் அண்ணனோட பதிவு வந்ததும் எங்க அம்மா எழுந்து போயி டிராக்டர் சாவியை எடுத்து ஒளிச்சு வச்சுட்டாங்க. காலையில கெஞ்சி வாங்கினேன்.

முடிவு இப்படி எடுத்திருக்கேன். இந்த மழைக்கு பின்பக்க பெட்டி மட்டும். சாணியும் கதம்பையும் அதுலயே ஓடும், எங்க விளையில தொழுத்து மேட்டுல இருக்கு டிரெய்லர் நிக்கிற இடம் ரெண்டடி பள்ளம், இத்தனை நாள் அதை குறைன்னு நினைச்சுட்டு இருந்தேன். லோடருக்கு இப்ப சப் பிரேமும் பின் எடையும் மட்டும் செஞ்சு வைக்கேன், அது ரெண்டும் சரியா உக்காந்த பொறவு தை மாசம் பாத்து 40 எம்எம்ல கை அடிக்கலாம். பக்கெட்டை 4 அடியிலேர்ந்து மூணரையா குறைச்சாச்சு. பழைய இரும்புக் கடைக்காரர் அட்வான்ஸ் திருப்பித் தர மாட்டேன்னுட்டாரு, அதுக்கு பதிலா அரை டிரம்மும் கொஞ்சம் 10 எம்எம் தகடும் எடுத்துட்டு வந்துட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். அரை டிரம்ல கான்கிரீட் வார்க்கும்போது லிங்க் மாட்டுற பின் என்ன சைஸ் வைக்கணும்? வண்டியில இருக்கிறதை அளந்தேன், கீழ 22 எம்எம் வருது, மேல 19.

பட்டறை_மார்த்தாண்டம்:

சரியாத்தான் அளந்திருக்க, அது கேட்டகிரி ஒண்ணு, கீழ் லிங்க் 22, டாப் லிங்க் 19. கீழ் பின்னை தனித்தனியா ரெண்டா வைக்காம ஒரே ஷாஃப்ட்டா டிரம்முக்குள்ள குறுக்க விட்டு, அதுல 12 எம்எம் முறுக்கு கம்பியை நாலா வளைச்சு வெல்டு பண்ணிட்டு வாரு, சும்மா கான்கிரீட்ல சொருகினா ஆறு மாசத்துல சுத்த ஆரம்பிச்சுடும். டாப் லிங்க்குக்கு ரெண்டு தகட்டை நிமித்தி, அதே ஷாஃப்ட்டோட கூட்டி அடி. வார்த்தப்பறம் பத்து நாளாவது சாக்கு போட்டு நனை. டிரம்முக்கு அடியில ரெண்டு செங்கல் வச்சு வாரு, இல்லாட்டி முதல் தடவை தூக்கும்போது தரையோட ஒட்டிக்கிட்டு வராது.